தொடாதையுங்கோ அன்ரி

"எழும்பு பிள்ளை, எழும்பு" என்று பக்கத்தில் நின்ற மனிதர் முணுமுணுத்தபோதுதான் அவரும் தமிழர் என்று விமலாதேவிக்குத் தெரிந்தது.

பனிச்சரிவின் நடுவில் ஒரு பெண்பிள்ளை விழுந்து கிடந்தாள். கால்கள் இரண்டையும் ஓர் இருக்கைக்குள் வைத்து வார்போட்டு இறுக்கியிருந்தார்கள். இருக்கைக்குக் கீழே ஒரேயொரு சறுக்குப் பலகை. அதில் மலை உச்சியிலிருந்து கம்பங்களுக்கிடையால் வளைந்து வளைந்து வந்தவள், ஒரு கம்பத்தில் தட்டுப்பட்டுச் சரிந்துவிட்டாள்.

விமலாதேவி மெல்பேர்ன் மல்கிரேவிலிருந்து பனி பார்க்க பஸ்ஸில் வந்த கூட்டத்தில் ஒருத்தி. மற்றவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு படம் எடுக்க, இவள் மட்டும் போட்டி பார்க்கக் கூடியிருந்த ஆட்களைக் கண்டு இந்த வலை வேலியோரம் வந்து நின்றாள்.

"உங்கட மகளோ?"

"ஓம். ராகவி."

"காலுக்கு என்ன?"

"பிறந்ததில இருந்தே இடுப்புக்குக் கீழ அசைவில்லை."

"அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தோ இந்த மலையில தள்ளி விட்டனீங்கள்?"

"தள்ளேல்லை அக்கா. அவளாத்தான் வந்தவள். இந்த ஓட்டத்தை முடிச்சாலே காணும், மாநில அணிக்கு எடுப்பினம்."

அருந்தவன் என்ற அந்த மனிதரின் கண் சரிவை விட்டு எடுபடவில்லை. ஆனால் ஆள் அசையவில்லை. அறிவிப்புப் பலகை மாட்டிய கம்பத்தில் முதுகைச் சாய்த்து, பள்ளிக்கூட அதிபர் மாதிரிக் கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

ராகவி கைத்தடிகளை ஊன்றி, உடம்பை உந்தி, பாதி எழும்பினாள். பொத்தென்று திரும்பவும் விழுந்தாள்.

"ஐயோ, போய்த் தூக்குங்கோவன். பத்தடி தூரம்தானே?"

"வேண்டாம் அக்கா."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

விமலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையின் பெயரில் தாங்கள் மேடையேறுகிற தகப்பன்மாரை மெல்பேர்னில் அவள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறாள். இங்கே அரங்கேற்றம் பனியில் நடக்கிறது, வேறொரு வித்தியாசமும் இல்லை.

"பெத்த மனம் பித்து எண்டு சொல்லுவினம். உங்கட மனம் மட்டும் கல்லோ?"

பிள்ளை எழும்பப் பார்த்து மூன்றாம் தரமும் விழுந்தாள்.

அதற்கு மேல் பொறுக்க விமலாதேவியால் முடியவில்லை. வலைக்குக் கீழால் நுழைந்தாள். வாடகைக்கு எடுத்த பனிச் சப்பாத்து வழுக்கி, ஒருதரம் குந்தியிருந்து, மிச்சத் தூரத்தைத் தவழ்ந்தே கடந்தாள்.

"பயப்பிடாதை பிள்ளை, அன்ரி வாறன்."

"தொடாதையுங்கோ அன்ரி."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஆராவது தொட்டால் என்னை டிஸ்குவாலிஃபை பண்ணிப்போடுவினம். அடுத்த ஆள் என்னைக் கடந்து போகமுதல் நான் தனிய எழும்ப வேணும். தட்ஸ் த ரூல்."

"விழுந்து கிடக்கிறாய் அம்மா, உதட்டில ரத்தம்..."

"விழுந்தது நான்தானே. எழும்புறதும் நான்தான். தள்ளுங்கோ."

பத்தொன்பது வயது இருக்கும். அந்த முகத்தில் அழுகை மருந்துக்கும் இல்லை. ஒரே கோபம், தன்மேலேயே.

உச்சியில் அடுத்த போட்டியாளரைப் புறப்படச் சொல்லி மணி ஒலித்தது. ராகவி தடிகளைப் பனியில் குத்தினாள். கழுத்து நரம்பு புடைக்க ஒரே உந்து. இருக்கை ஆடியது, சரியப் பார்த்தது, பிறகு நிமிர்ந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கம்பங்களைத் தோளால் இடித்துச் சாய்த்துக்கொண்டு கீழே பாய்ந்தாள்.

அடுத்தவர் விமலாதேவியைக் கடந்தபோது ராகவி எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தாள். நேரப்படி கடைசி இடம்தான். ஆனால் முடித்துவிட்டாள், அடிவாரத்தில் கைதட்டல் ஓயவே இல்லை.

விமலாதேவி பனியைத் தட்டிக்கொண்டு வேலிக்குத் திரும்பினாள். வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும்.

"சரி, சட்டம் எனக்குத் தெரியாது. உங்கட மகள் கெட்டிக்காரிதான். ஆனா உங்களை மாதிரித் துளிகூட அசையாமல் நிக்க என்னால ஏலாது. என்ர பிள்ளை எண்டால் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது எண்டு ஓடியிருப்பன்."

"நானும் ஓடினனான் அக்கா." அருந்தவன் அடிவாரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "போன வருசமும் விழுந்தவள், அதுக்கு முந்தின வருசமும் விழுந்தவள். ரெண்டு தரமும் ஓடிப்போய்த் தூக்கினனான். ரெண்டு தரமும் என்னாலதான் அவளை வெளியில போட்டவை. அதுதான் இண்டைக்கு மேல போகமுதல் அவளிட்டச் சொன்னனான்."

"என்னெண்டு?"

அவர் கம்பத்தைச் சுற்றி அரைவட்டம் திரும்பி முதுகைக் காட்டினார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கம்பத்தோடு ஒரு கம்பளிச் சால்வையால் கட்டியிருந்தது.

"ஒருக்கால் அவிட்டு விடுங்கோ அக்கா. கீழ என்னைப் பாத்துக்கொண்டிருப்பாள்."

விமலாதேவி குனிந்து பார்த்தாள். அவர் இழுத்த இழுவையில் முடிச்சு அப்படி இறுகிக் கிடந்தது, அவளுக்கு நகம் ஒடிந்ததுதான் மிச்சம்.