ராக்கையாவின் வசவு

இரும்புக் கேட்டில் தடி மோதுகிற சத்தம் மாடி வகுப்புவரை கேட்டது. கூடவே வாட்ச்மேன் ராக்கையாவின் தொண்டை.

"ஏத்தா, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கன வராதன்னு எத்தன தடவ சொல்றது? இது காலேசா, பால்வாடியா?"

வகுப்பே சிரித்தது. இரண்டாம் பெஞ்சில் நதியா தலையைக் குனிந்துகொண்டாள். கீழே திட்டு வாங்குவது அவளுடைய மாமியார் மாயக்காளும் ஐந்து மாதப் பிள்ளையும்தான். அது பேராசிரியை ஜெபராணிக்கும் தெரியும்.

நதியா எழுந்து, வெளியே போய்விட்டு வர அனுமதி கேட்டாள். தினமும் நடப்பதுதான். எங்கேயாவது நின்று அழுதுவிட்டு வருவாள், பாவம். ஜெபராணி தலையசைத்தாள்.

கல்யாணம், பிரசவம் எல்லாம் தாண்டி மூன்றாம் வருஷத்தைத் தொட்டவள் அந்தக் கல்லூரியில் இவள் ஒருத்திதான். ஒரு வாட்ச்மேன் வாயால் அது பாழாவதா?

அன்றைக்கே ஜெபராணி பிரின்சிபாலிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். முப்பது மாணவிகள் கையெழுத்துப் போட்டார்கள். நதியாவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ராக்கையாவைப் பின்பக்கம் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச அனுப்பிவிட்டார்கள். கேட் அமைதியாக இருந்தது. ஜெபராணிக்கு நிம்மதி.

நதியாதான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. முந்தானையை இழுத்து இழுத்து மார்பை மூடினாள். அதையும் மீறி ஈரம் தெரிந்தது.

ஒரு மணிக்கு பெல் அடித்ததும் ஓடினாள். என்னவோ ஏதோவென்று ஜெபராணியும் பின்னால் போனாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் மாயக்காள். அழுது அழுது குரல் போன பிள்ளை மடியில் விக்கிக்கொண்டு கிடந்தது. விசிட்டர் நேரம் ஒரு மணிக்குத்தான், நிழலில் உட்காருங்கள் என்று புது வாட்ச்மேன் சுந்தர்ராஜ் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான்.

நதியா பிள்ளையை வாரிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள்.

மாயக்காள் ஜெபராணியைப் பார்த்தாள். "அந்தப் பெரியவுக எங்கம்மா போனாக? அவுக கத்துனாத்தான பிள்ள பாலுக்கு வந்துருச்சுன்னு மேல இருக்க இவளுக்குத் தெரியும். அவுக ரூம்புக்குள்ள எங்கள விட்டுட்டு வெளிய காவல் நிப்பாக. ஆபீசுல சந்தேகம் வந்துரக் கூடாதுன்னுதான் அம்புட்டு வசவும்."

ஜெபராணி விறுவிறுவென்று பிரின்சிபால் அறைக்கு நடந்தாள். வாசலில்தான் உறைத்தது. பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்பது கல்லூரியின் சட்டம். உண்மையைச் சொன்னால் ராக்கையாவுக்கு இருக்கிற வேலையும் போகும்.

திரும்பி வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நதியாவின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாள். முந்தின நாளும் வரவில்லை. கீழே கேட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பேனாவை நகர்த்தி, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.