லாக்கரில் ஒரு வெளிச்சம்

முதலீட்டு நிறுவனத்தில் எனக்கு முதல் நாள். பங்குகளை வாங்கி விற்கும் அறைக்குள் செல்போன் கூடாது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்த லாக்கரில் என் போனை வைத்தேன். காவலாளி செல்லதுரை என் சட்டைப் பையைப் பார்த்தார்.

“இன்னொண்ணு இருக்கே தம்பி?”

“அது என் மனைவியோடது.”

“அவங்ககிட்டயே குடுத்துட்டு வரவேண்டியதுதானே!” என்று சிரித்தார்.

வைஷாலி இறந்ததிலிருந்து அந்தப் போனை நான் எங்கும் வைத்ததில்லை.

தலைமை டீலர் ஹேமலதா எட்டிப் பார்த்தார். “மார்க்கெட் தெறக்கப்போகுது. வரமுடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

வைத்தேன். செல்லதுரை பூட்டினார்.

உள்ளே மேசைத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். “டெஸ்ட் பண்ணணும். ஏதாவது நம்பர் போட்டுப் பேசுங்க” என்று ஹேமலதா ஸ்பீக்கரைத் தட்டினார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான். விரல் அதையே அழுத்தியது.

கண்ணாடிக்கு அப்பால் லாக்கர் கதவின் இடுக்கில் வெளிச்சம் எழுந்தது. சத்தத்தை நிறுத்த செல்லதுரை அவசரமாகப் பூட்டைத் திறந்தார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதுவும் பிடிபடாமல் எதையோ அழுத்திக் காதில் வைத்தார்.

ஸ்பீக்கரில் மணியடிப்பது நின்றது. யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

“எடுத்துட்டாங்கல்ல,” என்றார் ஹேமலதா. “பேசுங்க.”