வேப்பெண்ணெய்

தலையணையைக் குதறிவிட்டது என்று குட்டிநாயைத் தவசிக்கண் தன் இடதுகால் செருப்பால் அடித்தான். மறுநாள் அந்த இடதுகால் செருப்பு நார்நாராகக் கிடந்தது. பக்கத்திலேயே இருந்த வலதுகால் செருப்பில் ஒரு பல் தடம்கூட இல்லை. ஆத்திரத்தில் பெல்ட்டைக் கழற்றி விளாசினான். பெல்ட் போனது. விளக்குமாற்றுக் கட்டையால் அடித்தான். அதுவும் போனது. எதனால் அடி வாங்கியதோ அதை மட்டும் தேடிப் பிடித்துக் கடித்துத் துப்பியது குட்டி. அந்தச் சாமான்கள் எல்லாவற்றையும் அவன் மனைவி பேச்சித்தாயின் முதுகு முன்பே அறியும்.

“ஏட்டி, வீட்டுல ஒரு சாமான் விடாம வேப்பெண்ணெயத் தடவு. கசந்தா வாய வைக்காது” என்றான்.

“நீங்க எத வச்சு அடிக்கியளோ அதத்தான் கடிக்கி” என்றாள் அவள்.

“அப்போ இனிமே எனக்குக் கை போதும்.”

அந்தக் கை முதலில் அவள் கன்னத்தில் இறங்கியது. பிறகு குட்டியின் வாயில் குத்தி உதட்டைக் கிழித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தவசிக்கண் குடித்துவிட்டு, கறிச்சோறு தின்று, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் கட்டிலில் விழுந்து உறங்கினான். வலது கை தரைவரை தொங்கியது. பேச்சித்தாய் கட்டில் காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வீங்கிய உதட்டோடு குட்டி உள்ளே வந்தது. கட்டில் காலை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையை முகர்ந்தது. அதன் பக்கத்திலேயே வசதியாகப் படுத்துக்கொண்டது.

பாட்டிலில் பாதி எண்ணெய் மிச்சமிருந்தது. பேச்சித்தாய் மூடியை இறுக்கித் திருகினாள். சத்தமில்லாமல் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கொண்டியை மாட்டினாள்.