மறுக்கப்படுகிறது

“நாளைக்கு மைதானத்தில என்ன பேசப்போறீங்க?”

அனுமதிப் பிரிவு அதிகாரி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“பேச்செல்லாம் இல்லீங்க சார். பேரைப் படிக்கப்போறோம். அவ்வளவுதான்.”

“யார் பேரை?”

“தீயில செத்தவங்க பேரை. பதினொரு பேர்.”

தீப்பிடித்த அந்தத் தையல் ஆலையில் அவள் இன்னும் வேலை பார்க்கிறவள். பதினொரு பேரில் ஒருத்தி அவளுடைய தங்கை. நாளையோடு ஒரு வருஷம். பொது மைதானத்தில் கூட அனுமதி கேட்டு மூன்று மாதமாக இங்கே நடையாய் நடக்கிறாள்.

‘பார்க்கலாம்’, ‘அடுத்த வாரம் வாங்க’, ‘பரிசீலனையில இருக்கு’. இந்த மூன்றைத் தவிர அந்த மனுஷன் வாயிலிருந்து வேறு எதுவும் வந்ததில்லை. ஆலைப் பெண்கள் அவருக்குக் கல்லுளிமங்கன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அனுமதி இல்லாமல் கூடினால் கைது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆலை வாசலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர், வேலையும் போய் இன்னும் வழக்குக்கு அலைகிறார்கள்.

“பேரைப் படிச்சா ஆலைக்காரங்களுக்கு வருத்தமா இருக்காது?”

“எங்களுக்கு வருத்தம் இல்லையா சார்?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அவங்களுக்கு இருக்குமா, இருக்காதா?”

“இருக்கும். இருக்கட்டுமே!”

அவர் ஏதோ எழுதினார். முத்திரையைக் குத்தினார். தாளை அவள் பக்கம் தள்ளினார்.

‘அனுமதி மறுக்கப்படுகிறது’ என்ற வார்த்தைகள்தான் முதலில் அவள் கண்ணில் பட்டன. மேற்கொண்டு படிக்க முடியாமல் எழுத்தெல்லாம் கலங்கியது.

“மூணு மாசம் அலையவிட்டுட்டு, கடைசி நாள்ல இப்படிப் பண்றீங்களே சார்…”

“வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. நேரமும் எழுதணும். பத்து நாற்பது.”

கையெழுத்துப் போட்டு நேரத்தையும் எழுதினாள்.

“வக்கீல் யாராவது இருக்காங்களா உங்களுக்கு?”

மறுத்தது போதாதென்று வழக்கும் போடப்போகிறார்களா?

“எதுக்கு சார்?”

“இருந்தா போய்ப் பாருங்க. இங்க நிக்காதீங்க. அடுத்த ஆள் வாங்க!”

வெளியே தங்கை புருஷன் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். தாளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

“வேணாம்க்கா. விட்டுடலாம். குழந்தைக்கு ஏற்கெனவே அம்மா இல்ல. நானும் உள்ள போயிட்டா அதை யார் பார்ப்பாங்க?”

நாற்பது பெண்கள் அவளை நம்பி நாளைக்கு லீவு போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து மாற்றி மாற்றிப் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். வராதீர்கள் என்று சொல்வதா? வரச்சொல்லி மாட்டிவிடுவதா?

“அந்த ரெண்டு பேர் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாவை ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிடலாம்ப்பா.”

வக்கீலம்மா தாளைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். சட்டென்று எழுந்து கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டார்.

“கிளம்புங்க, கோர்ட்டுக்குப் போறோம். பரிசீலனையில இருக்குன்னு இழுத்தடிச்ச வரைக்கும் எதைக் காட்டி வழக்குப் போடறது? இப்ப எழுத்துல மறுத்துட்டாங்களே. இதை எதிர்த்துக் கேக்கலாம்.”

மூன்று மணிக்கு அவசர மனு விசாரணைக்கு வந்தது. கோப்பும் கையுமாக அதிகாரியையும் வரவழைத்திருந்தார்கள். அவருடைய மேலதிகாரி பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி உத்தரவை உரக்கப் படித்தார். “‘இறந்தவர்களின் பெயர்களைப் படித்தால் ஆலை நிர்வாகத்தினர் வருத்தப்படுவார்கள் என்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது.’ யார் இதை எழுதினது?”

அதிகாரி எழுந்து நின்றார்.

“ஒருத்தர் வருத்தப்படுவார்னு இன்னொருத்தர் வாயை அடைக்கலாம்னு எந்தச் சட்டத்தில இருக்கு? கலவரம் வரும், அமைதி கெடும்னு எழுதியிருந்தாலாவது யோசிக்கலாம். அதுகூட இல்ல! அரசியல் சட்டத்தை ஒரு தடவையாவது புரட்டிப் பார்த்திருக்கீங்களா?”

“தப்புத்தான், ஐயா.”

நாலைந்து பேர் வாய்விட்டே சிரித்தார்கள். அதிகாரியின் காது மடல் சிவந்துபோயிருந்தது.

உத்தரவு ரத்து. நாளைக் காலை மைதானத்தில் கூடலாம். பெயர்களைப் படிக்கலாம்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் தங்கை புருஷன் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“நல்லா வேணும் அந்தக் கல்லுளிமங்கனுக்கு! இத்தனை பேர் முன்னால மானம் போச்சு. சட்டம் தெரியாத ஆளை அந்த நாற்காலியில உட்கார வெச்சா இப்படித்தான்.”

வக்கீலம்மா அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

“அவரோட மறுப்பை எதிர்த்து இதே கோர்ட்டுக்கு ஒன்பது தடவை வந்திருக்கேம்மா. ஒன்பதுலயும் தோத்தேன். அவர் எழுத்துல ஊசி நுழைய ஓட்டை இருக்காது. உங்க மனுவுக்கு அனுமதி தரவும் கூடாது, மறுக்கவும் கூடாது, இழுத்துக்கிட்டே போகணும்னு மேலேயிருந்து வாய்மொழி உத்தரவு. அது கோர்ட்டு வட்டாரத்துல எல்லாருக்கும் தெரியும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மேலதிகாரி கத்திக்கொண்டே படியிறங்க, அனுமதிப் பிரிவு அதிகாரி கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

“இன்னிக்குத்தான் முதல் தடவையா ஓட்டை வெச்சு எழுதியிருக்கார்,” என்றார் வக்கீலம்மா. “ஊரே நுழையற அளவுக்கு.”