தனி அடுப்பு

"உன் கையால ஒரு வாய் தண்ணி கூட எனக்கு வேண்டாம்டி!"

"நான் மட்டும் தாம்பாளத்துல வெச்சு நீட்டிக்கிட்டா நிக்கிறேன்? கெளம்புங்க! போய்த் தனியா பொங்கித் தின்னுங்க!"

மருமகள் ஒரு சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தாள். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. மாமியார் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள்.

வயசானவளைப் போய் இப்படியா துரத்துவது என்று பல்லைக் கடிக்க வேண்டாம். எறிந்தது ஓட்டைச் சட்டி. சண்டையும் நேற்றே பேசி வைத்த சண்டை.

கால்வாய்க் கரையில் இருக்கிற குடிசைகளை எல்லாம் இடிக்கப் போகிறார்கள். அதே இடத்தில் மாடி வீடு கட்டித் தருவார்களாம். யாருக்கு எத்தனை வீடு என்பதற்கு அரசாங்கம் ஒரே ஒரு விதி வைத்திருந்தது. ஒரு அடுப்புக்கு ஒரு வீடு. ஒரே குடும்பத்துக்குள் ரெண்டு அடுப்பு தனித்தனியாக எரிந்தால் ரெண்டு வீடு. இன்றைக்குக் கணக்கெடுக்க வருகிறார்கள்.

யோசனை மகனுடையது. லாரியில் மூட்டை ஏற்றுகிறவன்.

"ஒரு வீட்டுல நாம எல்லாரும் இருந்துக்கலாம். இன்னொண்ணை வாடகைக்கு விட்டா பசங்க படிப்புக்கு ஆச்சு."

மருமகளுக்கும் அது சரி என்று பட்டது. மாமியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவள் எப்போதுமே எதுவும் சொல்கிறவள் இல்லை.

கொட்டகையில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பாக்கியது மருமகள்தான். பார்த்தால் பழசு மாதிரி இருக்க வேண்டுமே என்று டீக்கடையில் சாம்பல் வாங்கிவந்து கொட்டினாள். பக்கத்தில் நாலு விறகையும் ஒரு பானையையும் வைத்தாள்.

"ஏன் தனியா வந்தீங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லுவே?" மகன் ஒத்திகை பார்த்தான்.

"குழம்புல உப்பை அள்ளிக் கொட்டுறா."

"அப்புறம்?"

"மரியாதை இல்லாம பேசுறா."

"அது போதும். வேற எதையும் உளறிக் கொட்டிடாதே."

அதிகாரி வந்தார். கதவில் நம்பர் எழுத ஒரு பெயிண்டர் கூடவே வந்தார். அதிகாரியின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"நேத்து வரைக்கும் இந்தச் சந்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்திருக்காங்க. இன்னிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் சண்டை" என்றார். "எதிர்வீட்டு அண்ணன் தம்பியைப் பாரு. எங்க முன்னாடி அப்படிக் கட்டிப் புரண்டாங்க. நான் திரும்பிப் பார்த்தா ஒரே பீடியை மாத்தி மாத்திக் குடிச்சுக்கிட்டிருக்காங்க!"

பெயிண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அவங்களோட ரெண்டு நம்பரையும் அழிச்சாச்சு. பொய்னு தெரிஞ்சா ஒரு வீடும் கிடையாது. சொல்லிட்டேன்."

மகன் மனைவியைப் பார்த்தான். இருப்பதும் போய்விட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

அதிகாரி கொட்டகைக்குள் குனிந்து பார்த்தார். "அடுப்பு ஏன் எரியலை?"

"காலையிலேர்ந்து ஒரே சண்டை சார். அதான் இன்னும் பத்த வைக்கலை" மகன் முந்திக்கொண்டான்.

"உன்னைக் கேக்கலை. அம்மா, நீங்க சொல்லுங்க. பெத்த புள்ளையை விட்டுட்டு ஏன் தனியா வந்தீங்க?"

மாமியார் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"மருமக நல்ல பொண்ணுதான் சார்."

போச்சு. மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எல்லாருக்கும் பரிமாறிட்டு, 'அத்தைக்கு லேட்டாத்தான் பசிக்கும்'னு சொல்லுவா. யார் வந்தாலும் அதையேதான் சொல்லுவா. அதனால அடிச்சட்டிதான் எனக்கு. எனக்கும் எல்லாருக்கும் பசிக்கிற நேரத்துலதான் சார் பசிக்கும். ராத்திரியானா இருமல் வரும். பசங்க முழிச்சுக்குவாங்கன்னு இவன் ஒரு முறை முறைப்பான். நான் எழுந்து வாசல்ல போய் உட்கார்ந்துக்குவேன். மழை பெஞ்சாத்தான் கொஞ்சம் கஷ்டம். பயப்படாம இருமறதுக்கு ஒரு இடம் வேணும் சார். வேற ஒண்ணுமில்ல."

அதிகாரி மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

"தனி நம்பர் போடுய்யா" என்றார் அதிகாரி. "வீடு இந்த அம்மா பேர்லயே இருக்கட்டும்."

அவர்கள் சந்து முனையைத் தாண்டும் வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை. அப்புறம் மருமகள் ஓடிவந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னிட்டீங்க அத்தை! எனக்கே அழுகை வந்துடுச்சு! உப்பு கிப்புன்னு ஆரம்பிச்சிருந்தீங்கன்னா, அந்த மனுஷன் நம்பியிருக்கவே மாட்டாரு."

"நல்ல பொண்ணுன்னு ஆரம்பிச்சதும் குடி கெட்டுதுன்னு நெனச்சேன்" மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மாவுக்கு இவ்வளவு நடிப்பு வரும்னு எனக்கே தெரியாது!"

மருமகள் உள்ளே போய்த் தட்டுகளை எடுத்து வைத்தாள். இன்றைக்கு அத்தைக்குத்தான் முதல் சோறு என்று குரல் கொடுத்தாள். பின்பக்கமிருந்து புகை வந்தது. மகன் எட்டிப் பார்த்தான். கொட்டகையில் மாமியார் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பானையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இன்னும் எதுக்கு வேஷம்? அவங்கதான் போயாச்சே!"

"தெரியும்டா" என்றாள் அவள். "அவங்க போனப்புறம்தான் பத்த வெச்சேன்."