எத்தனை படி?

“நம்ம வீட்டு வாசலுக்கு எத்தனை படி?” கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தபடியே கேட்டாள் சுக்லிங்.

“பதினொண்ணு.” அவள் கணவர் கின்வா யோசிக்கவே இல்லை.

“இருபத்தாறு வருஷமா ஏறி இறங்குறீங்க. பன்னெண்டு.”

“சரி, அடுத்ததைக் கேளு.”

அவள் கையில் இருந்தது ஒரு பழைய காகிதத்தின் நகல். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து கப்பலில் சான்ஃபிரான்சிஸ்கோ வந்திறங்கிய கின்வாவின் தாத்தாவையும், தாத்தாவின் அண்ணனையும் குடியேற்ற அதிகாரிகள் கரையோரத் தீவில் அடைத்து வைத்துத் துருவித் துருவிக் கேட்ட கேள்விகள்.

“அரிசிப் பானை எந்தப் பக்கம்?”

“அடுப்புக்கு இடது பக்கம்.”

“அதை மாத்தி வெச்சு மூணு வருஷமாச்சு. திங்க மட்டும் தெரியுது. மூணாவது வீட்டுக்காரர் பேரு?”

கின்வா தாடையைச் சொறிந்தார். “அவரோட நாய் பேரு தெரியும்.”

“அப்ப நாயைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “ஊர் வீட்டுக்குப் படி ஒன்பதுன்னார் தாத்தா. அண்ணன் எட்டுன்னார். நீங்க கூடப்பொறந்தவங்களே இல்ல, புளுகுறீங்கன்னு அண்ணனைத் திருப்பிக் கப்பலேத்திட்டாங்க. சாகிற வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல.”

“தெரியும். அதை நெனச்சுத்தானே விடிய விடியத் தூங்கல நீங்க. இன்னிக்குப் போகாம இருந்துட்டா என்ன?”

“பத்து மணிக்கு விசாரணை. பதில் ஒண்ணு பிசகினா ஒரு குடும்பம் ரெண்டாப் போயிடும். இந்தத் தடவை விடமாட்டேன்.”

சுக்லிங் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “படி பன்னெண்டு. மறந்துடாதீங்க.”

இறங்கும்போது எண்ணிக்கொண்டே இறங்கினார். பன்னிரண்டேதான்.

பத்து மணி. குடியுரிமை அலுவலகத்தின் உள்ளறை. மேசைமேல் ஒரு கோப்பு திறந்து கிடந்தது. ‘உங்கள் வீட்டுக்கு எத்தனை படி?’ தனித்தனியாகக் கேட்டதற்குக் கணவன் பதினான்கு என்றும், மனைவி பதின்மூன்று என்றும் சொல்லியிருந்தார்கள். அதன் கீழே, முதலில் விசாரித்தவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: கல்யாணமே பொய். மனைவியை நாட்டை விட்டு அனுப்பலாம்.

கதவருகே ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்தபடி நின்ற அந்த இளம் தம்பதியை நிமிர்ந்து பார்த்தார் அதிகாரி கின்வா. பேனாவை எடுத்துச் சிவப்பு வரியை ஒரே கோடாக அடித்தார்.

“உக்காருங்க,” என்றார். “என் வீட்டுக்கு எத்தனை படின்னு இன்னிக்குக் காலைல எனக்கே தெரியல.”