ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

"இது ஏன் வெடிக்குது, பாய்?"

தனசேகரனின் குரலில் எரிச்சல் இருந்தது. சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிருந்தது.

முத்தலிப் கண்ணை மூடி யோசித்தார். அறுபது வயது இருக்கும். அவருடைய நீல வேலை உடுப்பில் மடிப்பு கலையவில்லை.

"தீப்பொறி தப்பான நேரத்துல வருது, சார்." சற்று நிறுத்தினார். "சரியா, சார்?"

"அதை நீங்கதானே சொல்லணும்."

முத்தலிப் மெதுவாகத் தலையாட்டினார். பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். செய்த வேலையைக் குறித்து வைக்கிற பழக்கம் போலிருக்கிறது என்று தனசேகரன் நினைத்தான்.

செம்பவாங் தொழிற்பேட்டையில், வண்டிகள் ஏறிவரும் இரண்டாம் மாடி. ஒரே நிறத்தில் நாற்பது பட்டறைக் கதவுகள். தனசேகரனின் காருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதன் சோதனைக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் சோதனை நிலையத்தில் போய் நிற்காவிட்டால் நாளை முதல் சாலையில் ஓட்ட முடியாது. ஓடாத காரை வைத்துக் கும்பிட முடியாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று மனைவி பூவம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள். போன வருடம் பியானோ போனது.

தப்பு அவனுடையதுதான். யூடியூபைப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினான். நான்கு சிலிண்டர்களுக்கும் தீப்பொறியை முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தச் சாதனம் எளிதாகக் கையோடு வந்தது. திரும்ப உள்ளே போகவில்லை. இழுவை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தான்.

பட்டறை முதலாளி ரஞ்சனை அவன் பார்த்ததில்லை. போனில் பேசியதுதான். தான் தொலைவில் சாங்கியில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், கதவு திறந்திருக்கும், ஆள் வருவார், ஆரம்பித்துவிடலாம் என்றும் ரஞ்சன் சொன்னார்.

தனசேகரன் வந்த ஐந்தாவது நிமிடம் முத்தலிப் வந்தார். பெயரைச் சொன்னார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கிற மெக்கானிக்கைத் தனசேகரன் அதுவரை கண்டதில்லை.

அடக்கமும் அதிகம். எந்தத் திருகைத் தொடும் முன்பும் அனுமதி கேட்டார். காரோடு வந்த பழைய கையேட்டைத் தனசேகரன் உரக்கப் படிக்க, ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்தார். முதல் முயற்சியில்தான் அந்தத் தீ நாக்கு.

கையேட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். முத்தலிப் முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் அடைத்தார். தனசேகரன் ஸ்பேனரால் இன்ஜினைச் சுற்றினான். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது; அந்த சிலிண்டர் தீப்பொறிக்குத் தயார் என்று அர்த்தம். முத்தலிப்பின் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை செய்து பார்க்கலாமா என்று கேட்டார். செய்தார்கள். மூன்றாவது தடவையும் கேட்டார்.

"பாய், மணி மூணு."

"மன்னிச்சுக்குங்க சார். புரிஞ்சிடுச்சு."

இடையில் ரஞ்சன் போன் செய்தார். ஆள் வந்துவிட்டாரா என்று கேட்டார். வந்துவிட்டார், ஆனால் ரொம்ப நிதானம் என்றான் தனசேகரன்.

"வந்துட்டாருல்ல? அப்ப கவலையே இல்ல லா."

டிஸ்ட்ரிபியூட்டர் இம்முறை சரியாக இறங்கி உட்கார்ந்தது. மிச்சம் நான்கு வயர்கள். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் மாட்ட வேண்டும் என்றது கையேடு. எந்தப் பக்கமாக என்று சொல்லும் மூலையைப் பூச்சி தின்றிருந்தது. முத்தலிப் அவன் முகத்தைப் பார்த்தார்.

"வலமாத்தான் பாய். கோயில்ல எப்படிச் சுத்துறோம்?"

முத்தலிப் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் வலமாக மாட்டினார். இன்ஜின் இருமியது, குலுங்கியது, பட்டென்று வெடித்து நின்றது. தனசேகரன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பது. பியானோவை இறக்கிக்கொண்டு போன லாரி நினைவுக்கு வந்தது.

"தப்பா இருந்தா மன்னிக்கணும் சார்," என்றார் முத்தலிப். "ஹஜ்ஜுல நாங்க இடமாத்தான் சுத்துவோம்."

தனசேகரன் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினான். உள்ளே ரோட்டர் சுழன்றது. இடமாகத்தான் சுழன்றது.

இரண்டாவது வயரையும் மூன்றாவது வயரையும் இடம் மாற்றினார்கள். இன்ஜின் உறுமியது. நிற்கவில்லை. முத்தலிப்பின் கண் கலங்கியிருந்தது. வேலையை இவ்வளவு நேசிக்கிற மனிதரா என்று தனசேகரனுக்குத் தோன்றியது. வந்ததிலிருந்து எரிந்து விழுந்ததற்கு வெட்கப்பட்டான்.

மணி நான்கு பத்து. அடித்துப் பிடித்து ஓட்டினால் போய்விடலாம். கியரைப் போட்டவன், நல்ல வார்த்தை ஒன்று சொல்லாமல் கிளம்ப மனம் வராமல் கேட்டான்.

"எத்தனை வருஷமா பாய் இந்த வேலையில இருக்கீங்க?"

முத்தலிப் சிரித்தார். சார் உண்மையாகவே கேட்கிறார் என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"பேங்க்ல முப்பத்திரண்டு வருஷம் சார். வீட்டுல பல்பு மாத்துறதுகூட வீட்டுக்காரிதான்." ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினார். "வருகைப் பதிவுல ஒரு கையெழுத்து போடுங்க சார். இந்தக் கார் ரிப்பேர் கோர்ஸுக்கு நான் ஒருத்தன்தான் பேர் குடுத்தேனா?"